மிஞ்சிய நூலில் ஒரு குழந்தைச் சுவெற்றர்

முள்ளியவளையில் யாருக்குச் சுவெற்றர் வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகும்போது வாங்கி, திரும்பி வந்ததும் அலுமாரியில் பூட்டி வைக்கும் உடை அது என்பதுதான் எங்கள் பக்கத்து எண்ணம். சோளகக் காற்றில் புழுதி பறக்கும் ஆனி, ஆடி மாதங்களில் அந்த எண்ணம் சரிதான். மார்கழியில் சரியில்லை. அதுவும் பிறந்து பத்து நாளான ஒரு பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் சரியே இல்லை.

2022 டிசெம்பரில் மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நகர்ந்து சென்ற நாட்களை வன்னியில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புயல் கரையைத் தொட்டது தமிழ்நாட்டில், மாமல்லபுரத்துக்கு அருகில். ஆனால் அதன் குளிர் காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்துப்போயின. எங்கள் முல்லைத்தீவு மாவட்டமும் அதில் அடங்கும். வயல்வெளியில் விறைத்துக் கிடந்த மாடுகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அப்போது வெப்பநிலை பனிக்கட்டி உறையும் அளவுக்குப் போகவில்லை. ஐரோப்பாவில் ஒரு மாடு அதைக் குளிர் என்றே கணக்கெடுக்காது. பிறகு ஏன் செத்தன?

மனைப்பொருளியல் பாடத்தில் உடை பற்றிப் படிக்கும்போது இதற்கு விடை கிடைக்கிறது. உடலைக் குளிரச் செய்வது வெப்பநிலை மட்டுமல்ல. ஈரமும் காற்றும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்கின்றன. நனைந்த தோலிலிருந்து நீர் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வீச வீச ஆவியாதல் கூடுகிறது. உலர்ந்த மயிருக்கிடையில் அசையாமல் நின்று வெப்பத்தைக் காத்த காற்று, மயிர் நனைந்ததும் இல்லாமற் போகிறது. உடலில் கொழுப்பும் இல்லை, ஒதுங்கக் கொட்டிலும் இல்லை என்றால் விலங்கு தாக்குப்பிடிக்காது.

புதிதாய்ப் பிறந்த குழந்தையும் இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட அதே நிலையில்தான் இருக்கிறது. அது ஈரத்தோடு பிறக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு அதிகம். தலை மட்டும் உடற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வளர்ந்தவர்களுக்கு அது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. நாம் குளிர்ந்தால் நடுங்குவோம், நடுக்கத்தில் சூடு பிறக்கும். பச்சைக் குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. தோள்களுக்கிடையிலும் கழுத்தைச் சுற்றியும் உள்ள கபிலநிறக் கொழுப்பை எரித்துத்தான் அது சூட்டைத் தேடிக்கொள்கிறது. குறைமாதப் பிள்ளைகளுக்கு அந்தக் கொழுப்பும் போதாது. குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்றும், பிறந்து 24 மணித்தியாலம் கழியும்வரை குளிப்பாட்ட வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சுவெற்றரைப் பற்றி எழுத வந்த நான் இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு, அதாவது 2500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைக்கு, முதலாவது சுவெற்றர் தாயின் மார்புதான். 1978 இல் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் எட்கார் ரேய் என்ற வைத்தியர், இன்கியுபேற்றர்கள் போதாத ஒரு ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிவிடும் முறையைத் தொடங்கினார். ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற வைத்தியரும் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதைப்போல இருப்பதால் அதற்குக் கங்காருத் தாய்ப் பராமரிப்பு என்று பெயர் வந்தது. வசதியில்லாத இடத்தில் வேறு வழியில்லாமல் பிறந்த அந்த முறையை, வசதியுள்ள ஆஸ்பத்திரிகளிலும் பிறந்தவுடனேயே தொடங்க வேண்டும் என்று 2022 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆகவே எவ்வளவு அழகான சுவெற்றர் ஆனாலும் அது இரண்டாவதுதான். தாய் குளிக்கப் போகும்போது, சமைக்கும்போது, கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, பிள்ளையை மாமியோ மூத்தம்மாவோ தூக்கி வைத்திருக்கும்போது, அந்த இடைவெளிகளில்தான் சுவெற்றருக்கு வேலை.

அந்த இடைவெளிகள் எங்கள் ஊரில் சிறியவை அல்ல. தகரக் கூரை, பாதி பூசிய சுவர், கதவுக்குப் பதிலாகத் தொங்கும் துணி என்று இன்னமும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. வாடைக் காற்றோடு மழை சாய்வாக அடிக்கும்போது வீட்டுக்குள்ளும் ஈரம்தான்.

இனி நூலுக்கு வருவோம்.

மிஞ்சிய நூல் என்பது பின்னத் தெரிந்த எல்லா வீட்டிலும் இருக்கும். ஒரு தொப்பிக்கு ஒரு பந்து வாங்கினால் கால்வாசி மிஞ்சும். பாடசாலைக் கண்காட்சிக்குச் சுவர் அலங்காரம் செய்ய வாங்கியதில் நாலு நிறம் மிஞ்சும். அது தையல் பெட்டிக்கு அடியில், பழைய பிஸ்கற் ரின்னுக்குள், ஷொப்பிங் பையில் சிக்கெடுத்தபடி கிடக்கும். எறியவும் மனம் வராது, எடுத்து எதையும் செய்யவும் போதாது. வீண்விரயம் கூடாது என்று இஸ்லாம் பாடத்தில் படித்துவிட்டு வந்து அந்தப் பையைப் பார்த்தால் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வரும். பெரியவருக்குச் சுவெற்றர் பின்ன அரைக் கிலோ நூல் வேண்டும். பிறந்த குழந்தைக்கு 100 கிராமுக்குள் முடிந்துவிடும். மிஞ்சிய நூலும் பிறந்த குழந்தையும் ஒன்றுக்கொன்று அளவாய் அமைந்த சோடி என்பதை உலகத்தில் பின்னும் பெண்கள் எல்லோரும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆனால் எந்த நூல்? இதைக் கவனிக்காமல் பின்னத் தொடங்குவது எனக்குப் பிடிக்காத காரியம். எங்கள் புத்தகக் கடைகளில் 'ஊல்' என்று விற்கப்படுவதில் பெரும்பாலானது கம்பளி அல்ல. அது அக்ரிலிக். பொலிஅக்ரிலோநைத்திரைல் என்ற பல்பகுதியத்திலிருந்து செய்யப்படும் செயற்கை இழை. மலிவு, நிறம் மங்காது, கெதியாகக் காயும். இவை நல்ல குணங்கள். கெட்ட குணம் ஒன்று இருக்கிறது: நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைப்பேற்று அறையில் நெருப்புச் சட்டி வைத்துச் சாம்பிராணிப் புகை போடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் போகவில்லை. மின்சாரம் நின்றால் குப்பி விளக்கு எரிகிறது. அந்த அறைக்குள் அக்ரிலிக் சுவெற்றரோடு ஒரு குழந்தை படுத்திருப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். (புகையே குழந்தையின் நெஞ்சுக்குக் கூடாது என்பது வேறு கதை. அதை மூத்தம்மாமாரிடம் சொல்லப் போனால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.)

இன்ன நூல் என்று தெரியாவிட்டால் ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, வெளியில், ஒரு பீங்கான் தட்டுக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசியைப்போல எரிந்து, கடதாசி மணத்தோடு மெல்லிய சாம்பலாகும், அது செலுலோசு. கம்பளி தயங்கித் தயங்கி எரியும், நெருப்பை எடுத்ததும் அணையும், மயிர் கருகிய மணம் வரும்; அது எமது தலைமயிரைப் போலவே கெரற்றின் என்ற புரதம். அக்ரிலிக் உருகிச் சுருண்டு கடைசியில் கறுத்த கட்டியான மணியாக நிற்கும். விரலால் நசுக்கினால் நசுங்காது. சூடு ஆறுமுன் தொட வேண்டாம்.

கம்பளியின் பெருமை தனியானது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் அது கைக்கு நனைந்ததாகத் தெரியாது. ஆனால் எங்கள் காலநிலைக்கு நான் பருத்தி நூலையே முதலில் எடுப்பேன். அது தோலுக்கு மெத்தென்று இருக்கும், உருகாது, கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு அலசலாம். அதன் குறை, மழைக்காலத்தில் காய நேரம் எடுப்பது. ஈரச் சுவெற்றர் சுவெற்றரே இல்லாததை விட மோசம். மாடுகள் செத்த கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே தடித்த சுவெற்றர் ஒன்றைப் பின்னுவதை விட மெல்லியது இரண்டைப் பின்னுவது நல்லது. ஒன்று கொடியில் காய, மற்றது பிள்ளையின் மேல். அக்ரிலிக் மட்டுந்தான் கையில் இருந்தால் அதையும் எறிய வேண்டாம். நெருப்பில்லாத வீட்டுக்கும் கிளினிக் பயணத்துக்கும் அது போதும். கொடுக்கும்போது சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மிஞ்சிய நூலைத் திரும்ப எடுத்துப் பின்ன முடிகிறதே, அது எப்படி என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? முல்லைத்தீவுக் கரையில் வலை முடிபவர்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வலையிலும் 'கண்' உண்டு, பின்னலிலும் 'கண்' உண்டு. வலையின் ஒவ்வொரு கண்ணும் முடிச்சுப் போட்டு இறுக்கப்படுகிறது. அது அவிழக் கூடாது, அவிழ்ந்தால் மீன் போய்விடும். இரண்டு ஊசியில் பின்னும் பின்னலில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணுக்குள்ளால் அடுத்த கண்ணை இழுத்து விடுகிறோம். கடைசிக் கண்ணைக் கழற்றி நூலை இழுத்தால் முழுச் சுவெற்றரும் வரிசை வரிசையாக அவிழ்ந்து, ஒரே நீள நூலாகக் கைக்கு வந்துவிடும். நெய்த துணியை அப்படி அவிழ்க்க முடியாது. கிழிந்த சேலையிலிருந்து சேலை வராது; சின்னதாய்ப் போன சுவெற்றரிலிருந்து இன்னொரு சுவெற்றர் வரும்.

இந்தக் கலையை ஐரோப்பியர் கலை என்றே நானும் என் தோழிகளும் எண்ணியிருந்தோம். இன்று உலகில் கிடைத்திருக்கும் மிகப் பழைய இரண்டூசிப் பின்னல்கள் எகிப்தில் கிடைத்தவை, இஸ்லாமிய ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 11 ஆம் நூற்றாண்டுக்கும் 14 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் காலுறைகள் பருத்தி நூலில், நீலமும் வெள்ளையுமாக, பட்டை பட்டையான கோலங்களோடு பின்னப்பட்டவை. சிலவற்றில் அறபு எழுத்தைப் போன்ற வடிவங்களும் உண்டு. அதற்கும் முற்பட்ட எகிப்தியக் காலுறைகள் இலண்டன் விக்டோரியா அல்பேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெருவிரலுக்குத் தனி இடம் விட்ட, சிவப்புக் கம்பளிக் காலுறைகள். ஆனால் அவை ஒற்றை ஊசியால் துண்டு துண்டு நூலைக் கண்ணுக்குள் கோத்துச் செய்யப்பட்டவை. பார்வைக்குப் பின்னல் போல இருந்தாலும் இழுத்தால் அவிழாது.

ஸ்பெயினில் இன்னொன்று இருக்கிறது. கஸ்தீலிய இளவரசர் பெர்னாண்டோ டி லா செர்டா 1275 இல் இறந்தார். புர்கோஸ் நகரில் லாஸ் ஹுவெல்காஸ் மடாலயத்தில் அவரை அடக்கியபோது தலைக்கு வைத்த பட்டு நூல் தலையணை உறை கைப்பின்னல். அதன் ஓரத்தில் 'பரக்கத்' என்ற அறபுச் சொல் திரும்பத் திரும்பப் பின்னப்பட்டிருக்கிறது. ஒரு கிறிஸ்தவ இளவரசனின் கல்லறைக்குள் ஒரு முஸ்லிம் கைவினைஞரின் வாழ்த்து. அதைப் பின்னியது ஆணா பெண்ணா, அவர் பெயர் என்ன என்று எந்த ஏட்டிலும் இல்லை.

தமிழில் பின்னலுக்கு இப்படி நீண்ட வரலாறு இல்லை; எமது பழமை நூற்பதிலும் நெய்வதிலும் இருக்கிறது. புறநானூற்றில் 'பருத்திப் பெண்டு' வருகிறாள். இரவில் சிறு விளக்கின் வெளிச்சத்தில் பஞ்சின் தூசியைப் புடைத்து வேலை செய்யும் பெண் அவள். கணவனை இழந்த பெண்கள் நூல் நூற்றுப் பிழைத்ததை அன்றைய இலக்கியம் காட்டுகிறது என்று ஆசிரியர்கள் விளக்குவார்கள். போருக்குப் பின் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த எங்கள் மாவட்டத்திலிருந்து அந்தப் பாட்டைப் படிக்கும்போது அது இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியதாகத் தோன்றுவதில்லை. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூல் செய்வதையும் நூல் நூற்பதையும் ஒப்பிடுகிறார். சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் கை, அறிவு கதிர் என்று போகும் அந்த உவமை. இலக்கணம் எழுதிய ஒருவர் நூற்கும் பெண்ணை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாரே என்று எனக்கு எப்போதும் சந்தோஷம். பஞ்சும் நூலும் தீர்ந்துபோனவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை.

தீர்ந்துபோன காலங்களில்தான் மிஞ்சிய நூலின் மதிப்பு தெரியவரும். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் 1941 முதல் உடைகளுக்குக் கூப்பன் முறை வந்தது. பின்னல் நூலுக்கும் கூப்பன் கொடுக்க வேண்டும். 1943 இல் அந்த அரசாங்கமே, உள்ளதைத் திருத்திப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு கையேடு வெளியிட்டது. பழைய கம்பளி உடைகளை அவிழ்த்து மறுபடி பின்னுவது அன்றைய வீடுகளில் வழக்கமான வேலை. எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில் இலங்கையின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. அந்த ஆண்டு பால்மாவுக்கு வரிசையில் நின்ற வீடுகளில் நூல் வாங்குவதைப் பற்றி யார் பேசுவார்கள்?

என் உம்மம்மா தண்ணீரூற்றைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவரும் புத்தளம் போய்ச் சேர்ந்தார். அங்கே கிடுகுக் கொட்டில் முகாமில் ஒரு தையல் வகுப்பில் பின்னல் பழகினார். ஊசி வாங்கக் காசில்லை. சைக்கிள் சில்லின் கம்பி இரண்டை வெட்டி, முனையைக் கல்லில் தேய்த்து ஊசியாக்கிக் கொண்டார்களாம். அது 2 மில்லிமீற்றர் தடிப்பு. அதில் மெல்லிய நூலைத்தான் பின்னலாம், ஒரு சின்னச் சட்டை முடிய மாதக்கணக்காகும். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு அவர் பின்னியவை எல்லாம் மற்றவர்களின் உடையிலிருந்து அவிழ்த்தெடுத்த நூல். மீள்குடியேறி வரும்போது அந்தச் சைக்கிள் கம்பிகளையும் கொண்டு வந்தார். எங்கள் பக்கத்து வளவு அக்காவின் மூத்த மகன் 2009 இல் செட்டிக்குளம் முகாமில் பிறந்தவன். அவனைச் சுற்றிக் கொண்டுவரத் தன் சேலையைக் கிழித்ததாக அக்கா சொல்லுவார். உம்மம்மாவும் அந்த அக்காவும் வேலியடியில் நின்று கதைக்கும்போது இரண்டு முகாம்களின் கதையும் கலந்துதான் வரும்; எது புத்தளம், எது செட்டிக்குளம் என்று சில நேரம் எனக்கே பிரித்தறிய முடியாது.

இனிச் செய்முறை. குழந்தைச் சுவெற்றருக்கு ஆயிரம் மாதிரிகள் இருக்கின்றன. எலிசபெத் சிம்மர்மன் என்ற அமெரிக்கப் பின்னல் ஆசிரியை 1968 இல் வடிவமைத்த ஒன்று உலகப் புகழ் பெற்றது: ஒரே தட்டையான துண்டாகப் பின்னிக்கொண்டு போய், கடைசியில் கடதாசிப் படகு மடிப்பது போல மடித்தால் சட்டையாகிவிடும். மிஞ்சிய நூல்களைப் பட்டை பட்டையாகப் போடுவதற்கு அது மிகப் பொருத்தம். ஆனால் புதிதாகப் பழகுபவருக்குக் கணக்குக் குழம்பும். கீழே நான் சொல்வது எல்லா ஊர்களிலும் பின்னப்படும் எளிய வடிவம்: பின்பக்கத்தின் அடியில் தொடங்கி, தோளைத் தாண்டி, முன்பக்கத்தின் அடியில் முடிவது. நேர்ப்பின்னல் மட்டுமே, எல்லா வரிசையும் ஒரே மாதிரி.

முதலில் நூலை நிறுத்துக்கொள்ளுங்கள். கடையில் சரக்கு நிறுக்கும் இலத்திரனியல் தராசு போதும். பந்தின் தாளில் 100 கிராம் 220 மீற்றர் என்று இருந்தால், மிஞ்சிய 15 கிராமில் 33 மீற்றர் இருக்கிறது. ஒரு வரிசைக்கு அதன் அகலத்தைப்போல ஏறத்தாழ 4 மடங்கு நூல் செல்லும். 23 சென்ரிமீற்றர் அகலமான வரிசைக்கு 92 சென்ரிமீற்றர். ஆகவே அந்த 15 கிராமில் 35 வரிசை வரும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் வரிசையின் நடுவில் நூல் முடிந்து நிற்க வேண்டியதில்லை. எந்த நிறம் எவ்வளவு தூரம் போகும் என்பதும் முன்கூட்டியே தெரியும். ஒரே வகை இழைகளை மட்டும் சேருங்கள். கம்பளி கழுவக் கழுவச் சுருங்கும், அக்ரிலிக் சுருங்காது. இரண்டையும் ஒரு சட்டையில் கலந்தால் முதலாம் கழுவலிலேயே கோணும். அடர் சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். அவிழ்த்த பழைய நூல் சுருள் சுருளாக நிற்கும். கழியாகச் சுற்றி, நாலு இடத்தில் தளரக் கட்டி, நனைத்துத் தொங்கவிட்டால் கம்பளியும் பருத்தியும் நேராகிவிடும்.

4 மில்லிமீற்றர் ஊசியும் நடுத்தரத் தடிப்பு நூலும் எடுங்கள். 10 சென்ரிமீற்றருக்கு 22 கண் வர வேண்டும். ஒரு சிறு சதுரம் பின்னி அளந்து பார்ப்பதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள். 50 கண் போட்டு 14 சென்ரிமீற்றர் பின்னுங்கள். இது முதுகு. இனிக் கைகளுக்காக இரண்டு பக்கமும் 22 கண் கூட்டுங்கள், மொத்தம் 94. 9 சென்ரிமீற்றர் பின்னியதும் நடுவில் 18 கண்ணை அடைத்துவிடுங்கள், அது கழுத்து. இரு பக்கமும் 38 கண் மிஞ்சும். ஒரு பக்கத்தை ஊசியில் ஓய விட்டு மற்றதைத் தொடருங்கள். 2 சென்ரிமீற்றர் போனதும் கழுத்துப் பக்கம் 9 கண் கூட்டினால் 47. இன்னும் 7 சென்ரிமீற்றர் பின்னி, கைப்பக்கத்தின் 22 கண்ணை அடையுங்கள். மிஞ்சிய 25 கண்ணில் 14 சென்ரிமீற்றர் பின்னி முடியுங்கள். மற்றப் பக்கமும் இதைப் போலவே. தோளில் மடித்து, கைக்கு அடியையும் விலாவையும் தைத்துவிட்டால் முன்பக்கம் திறந்த சட்டை கையில் இருக்கும். சுற்றளவு 46 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும். பிறந்த குழந்தையின் மார்பு 33, 34 சென்ரிமீற்றர்தான் என்பதால் உள்ளே ஒரு பருத்திச் சட்டைக்கும் மூன்று மாத வளர்ச்சிக்கும் இடம் இருக்கும்.

சென்ற மாரிக்கு முன் எங்கள் வகுப்பில் ஐந்து பேர் இப்படி 9 சுவெற்றர்கள் பின்னினோம். பின்னத் தொடங்குமுன் கிராமத்துக்கு வரும் குடும்பநல மாதுவிடம் கேட்டோம். அவர் சொன்னவை எந்தப் பின்னல் புத்தகத்திலும் இல்லாதவை. தலை வழியாகப் போடும் சட்டை வேண்டாம். தலை நிற்காத பிள்ளைக்கு அதைப் போட இளம் தாய்மார் பயப்படுவார்கள், முன்னால் திறக்கட்டும். பொத்தான் வேண்டாம், கழன்றால் வாய்க்குள் போகும். பக்கத்தில் கட்டும் நாடா போதும், அது ஒரு சாணுக்கு மேல் நீளக் கூடாது, கழுத்தில் நாடாவே கூடாது. ஓட்டை ஓட்டையான அலங்காரப் பின்னல் வேண்டாம். சின்ன விரல் மாட்டிக்கொள்ளும். கையுறைக்குள் தொங்கும் ஒரு இழை விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும், அதனால் உட்பக்கத்து நூல்முனை எல்லாவற்றையும் மறைத்துக் கோத்துவிடுங்கள். நித்திரையில் தொப்பி வேண்டாம். கடைசியாக, பகலில் வெயில் எறித்ததும் கழற்றச் சொல்லுங்கள் என்றார். பிள்ளைக்குக் குளிரும் என்ற பயத்தில் மத்தியானத்திலும் மூடி வைத்து, வியர்த்து, அழுது, காய்ச்சல் என்று கொண்டு வருகிறார்களாம். நாம் ஒன்று உடுத்தியிருந்தால் குழந்தைக்கு அதைவிட ஒன்று கூட, அதற்கு மேல் வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பார்த்தால் தெரியும் என்றார்.

முன்கூட்டிக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அவுஸ்திரேலியாவின் பென்குயின்களைச் சொல்லலாம். விக்டோரியா மாநிலத்தின் பிலிப் தீவில், எண்ணெய்க் கசிவில் சிக்கிய சிறு பென்குயின்கள் தம் இறகைக் கோதி நச்சு எண்ணெயை விழுங்காமலிருக்கச் சின்னச் சுவெற்றர் போட்டுவிடுவார்கள். மிஞ்சிய நூலில் பின்னி அனுப்புங்கள் என்று கேட்டதும் உலகெங்குமிருந்து தேவைக்கு மேலாக வந்து குவிந்தன. மிஞ்சியவற்றைப் பொம்மைப் பென்குயின்களுக்குப் போட்டு விற்றார்கள். அங்கே அதுவும் நல்லதாகவே முடிந்தது. ஆனால் அனர்த்த நிவாரணம் என்று லொறியில் வந்து இறங்கும் துணி மூட்டைகளைப் பார்த்த எங்கள் ஊருக்கு, வேண்டாத பொருள் குவிவது வேடிக்கையல்ல. அதைப் பிரிக்கவும் அடுக்கவும் யாரோ வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் 9 சுவெற்றரில் இரண்டு எங்கள் பக்கத்திலேயே தங்கின, மற்றவை மாதுவின் பையில் போயின. எந்த வீட்டுக்கு எது போனது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொடுக்குமுன் எல்லாவற்றையும் ஒருமுறை கழுவி வெயிலில் காயவிட்டோம். ஒவ்வொன்றோடும் இன்ன நூல், எப்படிக் கழுவ வேண்டும், நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம் என்று ஒரு சிறு துண்டில் எழுதி நாடாவில் கட்டினோம்.

எல்லாம் பின்னிய பிறகும் விரல் நீளத் துண்டுகள் மிஞ்சத்தான் செய்தன. அவற்றை உம்மம்மா ஒரு பழைய காலுறைக்குள் அடைத்து ஊசி குத்தும் திண்டு செய்திருக்கிறார். சைக்கிள் கம்பிகள் இரண்டும் இப்போது அதில்தான் குத்தி நிற்கின்றன.